கவிழ்க்காத கப்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

குருவி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு நீளமாகப் பேனா பிடித்ததே இல்லை. விசாரணை முடிகிறவரை அன்று விமானத்தில் வேலை பார்த்த யாரோடும் போனில் பேசக்கூடாது, செய்தி அனுப்பக்கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். தபாலைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. இந்தக் காலத்தில் எந்தப் பைத்தியம் கடிதம் எழுதும் என்று விட்டிருப்பார்கள். இதோ ஒரு பைத்தியம்.

முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிட்டீர்களா? உங்களைத் தெரியாதா எனக்கு.

நான் சஸ்பெண்ட் ஆகிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பதினாலாம் வரிசை ஆள் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் வேண்டுமென்றே அவன் தொடையில் கொதிக்கிற காபியை ஊற்றினேனாம். அது மட்டுமென்றால் பரவாயில்லை. என் வேலை வலது பக்க நடைவழியில் என்று டியூட்டி ஷீட்டில் இருக்கிறதல்லவா, அதை எப்படியோ தெரிந்துகொண்டு, "அந்தப் பொண்ணு தன் பக்கத்தை விட்டுட்டுத் தானா என்கிட்ட வந்து குழைஞ்சா, நான் கண்டுக்கலேன்னு கோபம்" என்று எழுதியிருக்கிறான். அவன் என் இடுப்பில் கை வைத்தான், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஜக் சாய்ந்தது. நடந்தது அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவன் செய்த ஒன்றை எழுதக் கூசியது, விட்டுவிட்டேன்.

விசாரணை அதிகாரி டியூட்டி ஷீட்டை என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, "வலது பக்கத்துக்காரிக்கு இடது பக்கம் என்னம்மா வேலை?" என்று கேட்டார். முட்டி வலி என்று அக்கா சொன்னாங்க, இரண்டாவது காபிச் சுற்றுக்கு முன்னால் பக்கம் மாற்றிக்கொண்டோம் என்றேன். நம் கப் விஷயத்தையும் விளக்கினேன். எந்த வரிசையிலாவது மோசமான ஆள் இருந்தால், பக்கம் மாற்றும்போது வண்டியின் மூலையில் ஒரு கப்பைக் கவிழ்த்து வைப்போம், எந்த வரிசை என்று காதில் சொல்லிவிடுவோம். அன்று எல்லாக் கப்பும் நிமிர்ந்தே இருந்தது, அதனால் நான் நிம்மதியாகத்தான் போனேன் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதெல்லாம் எந்த ரூல் புக்ல இருக்கு?" என்றார்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நாம் பக்கம் மாற்றிக்கொண்டோம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். டியூட்டி ஷீட்டில் குறிக்காமல் மாற்றியதற்கு உங்களுக்கும் ஒரு திட்டு விழும், தெரியும். ஆனால் உங்கள் திட்டு ஒரு நாளில் போகும். எனக்கு வேலையே போய்விடும்.

என் அறைத்தோழி "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளும் நம் கம்பெனிதானே, பயம். கதவுக்குப் பின்னால் என் யூனிஃபார்ம் தொங்குகிறது. அம்மாவிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் வேலைக்குப் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "என்னம்மா, மரத்தச்சு வேலையா?" என்றார். பத்து நாளில் என்னிடம் வந்து பேசிய முதல் ஆள் அவர்தான். கோபிக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்று பக்கம் மாற்றிக்கொண்டு போகும்போது என் தோளைத் தட்டி, "தங்கம்டி நீ" என்றீர்களே. அதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள்
குருவி


மார்ச் 15

என் செல்லக் குருவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோழி கிளறின மாதிரி இருந்தாலும் படிக்க முடிந்தது. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த ஊரானாலும் அதே கட்டில், அதே விளக்கு, அதே மூடிய ஜன்னல். இருபத்தோரு வருடத்தில் என் வீட்டுக் கட்டிலில் படுத்த நாட்களைவிட இந்தக் கட்டிலில் படுத்த நாட்கள்தான் அதிகம். உனக்காவது தட்டிக் கேட்க ஒரு கீழ்வீட்டுக்காரர் இருக்கிறார்.

சாப்பிடுகிறாயா? ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு கிடக்காதே. சோறு வடித்துச் சாப்பிடு. அம்மாவிடம் சொல்லாதது நல்லது. பெற்ற வயிறு தாங்காது.

இப்போது அக்கா சொல்வதைக் கோபப்படாமல் கேள். சுவரில் தலையை முட்டினால் சுவருக்கா வலிக்கும்? "காபி கொட்டியது என் கவனக்குறைவு, வருந்துகிறேன்" என்று ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடு. ஒரு மாதம் தரையில் ஏதாவது வேலை போடுவார்கள், பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள். நான் இத்தனை வருடம் எப்படிக் காலம் தள்ளினேன் என்று நினைக்கிறாய்? "கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா, உன் பேர் என்ன?" என்று சட்டையில் குத்தியிருக்கிற பேட்ஜின் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவிப் படிக்கிற ஒரு கேடுகெட்ட ஜென்மத்துக்காக, இருபத்தைந்து வயதுப் பெண் வேலையைத் தொலைக்க வேண்டுமா? யோசி.

அந்த இரண்டு வரி விஷயம், பார்க்கிறேன். இங்கே எனக்கும் நேரம் சரியில்லை. ஜூனில் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு பறக்க வேண்டாம். அதுவரை பெரியவர்கள் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. தப்பாக நினைக்காதே.

முட்டி பரவாயில்லை. தைலம் தேய்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் மூன்று தடவை அழுகை வந்தது, பாசத்தில்தான். நான்காவது தடவைதான் உறைத்தது.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அவன் சொன்னதையும், பேட்ஜில் விரல் வைத்துப் படித்ததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. விசாரணையில் கொடுத்த விளக்கத்தில் எழுதவில்லை. உங்களுக்கு எழுதவில்லை. எழுதக் கூசியது என்று சொன்னேனே, அது இதுதான். அம்மா சத்தியமாக அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நான் போவதற்கு முன்னால் முதல் சுற்றில் அந்தப் பக்கம் இருந்தது நீங்கள். உங்கள் பேட்ஜையும் படித்தானா? படித்த பிறகுதான் உங்களுக்கு முட்டி வலித்ததா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நேற்று இரண்டாவது விசாரணை. உங்கள் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். "நடைவழிப் பணி மாற்றம் எதுவும் நடைபெறவில்லை. அவர் ஏன் இடது நடைவழிக்குச் சென்றார் என்பது எனக்குத் தெரியாது." கீழே உங்கள் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தேதி பிப்ரவரி இருபத்தேழு. நான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே என் கழுத்தில் கத்தியை வைத்தாயிற்று. பிறகு எதற்கு அந்தச் செல்லக் குருவி, சோறு வடித்துச் சாப்பிடு, எல்லாம்?

ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். பொய்யானாலும் சரி, எழுதுங்கள்.

குருவி


ஏப்ரல் 9

அக்கா,

மூன்று வாரமாகிறது. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு போகிறார், இல்லை என்று. அவரிடம் நான் எதுவும் கேட்கக்கூட இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன்மேல் காபி கொட்டின படத்தை யாரோ எடுத்து நெட்டில் போட்டிருக்கிறார்கள். நான் ஜக்கோடு நிற்கிறேன், அவன் துள்ளுகிறான். அவன் கை இருந்த இடம் அதில் இல்லை. மாமா போனில், "ஊசி இடம் குடுக்காம நூல் நுழையுமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மா அவரிடமிருந்து போனைப் பிடுங்கி, "ஊசி இல்லடா அது, என் பொண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிறகு அவளும் என்னை அழைக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் இருக்கிறாள் போல. எனக்கும் தெரியவில்லை.

கடைசி விசாரணை இம்மாதம் இருபத்திரண்டு. மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன். வேலை போனால் போகட்டும். செய்யாததைச் செய்தேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்தால், பிறகு நான் எந்த முகத்தோடு கண்ணாடியில் தலை வாருவது?

உங்கள் பதிலை இனி எதிர்பார்க்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். ஆனால் எதிர்பார்க்கிறேன்.

குருவி


ஏப்ரல் 17

குருவிக்கு,

பதில் எழுத எத்தனை தாளைக் கசக்கினேன் என்று ஹோட்டலில் அறை பெருக்குகிற அம்மாவைக் கேட்டால் சொல்வாள். இதுவும் கசங்கிப் போவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முட்டி வலி இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

முதல் சுற்றில் அவன் என் பேட்ஜைப் படித்தான். படித்துவிட்டு, "வயசானாலும் பரவால்ல" என்றான். இத்தனை வருடத்தில் இதைவிட மோசமானதெல்லாம் கேட்டிருக்கிறேன். அன்று மட்டும் ஏனோ தாங்கவில்லை. சமையலறைத் திரையை இழுத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பவும் அந்தப் பக்கம் போக முடியாது என்று தோன்றியது. அப்போதுதான் நீ வந்தாய், "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு. முட்டி வலி என்றேன். நீயாகத்தான் சொன்னாய், "நான் அந்தப் பக்கம் போறேன், நீங்க என் பக்கம் பாத்துக்குங்க, அங்க கூட்டம் கம்மி" என்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கப் என் கையில் இருந்தது, குருவி. கவிழ்க்கப் போனேன். கவிழ்த்தால் நீ என்ன என்று கேட்பாய். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் நீ சும்மா இருக்கிற ஜாதி இல்லை, அங்கேயே எழுது, கேப்டனிடம் சொல், இறங்கியதும் போலீசைக் கூப்பிடு என்று நிற்பாய். எனக்கு மாற்றல் வருகிற நேரம். வருகிற ஜூனில் வீட்டுக்குப் போய் என் கட்டிலில் படுக்கலாம் என்று இருந்தேன். கப்பை நிமிர்த்தியே வைத்துவிட்டேன். உன்னிடம் அவன் வாலாட்ட மாட்டான், நீ முறைத்தாலே அடங்கிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாக்குமூலத்தை அவர்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். "மட்டும்" என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

உன் அம்மா சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னை உலுக்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒருவனைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி, ஒரு பெண், உன் மாமா சொன்ன அதே ஊசிக் கதையைத்தான் என்னிடம் சொன்னாள். இல்லை என்று சொல்ல அன்று எனக்கு யாரும் இல்லை. அதற்குப் பிறகு நான் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

நேற்று விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். பழைய வாக்குமூலம் பொய் என்று சொல்லி, பக்கம் மாற்றியது, பேட்ஜ், கப், என் முட்டி, எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. போலீசிலும் அவன்மேல் என் பெயரில் ஒரு புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பயிற்சிப் பள்ளி இனி இல்லை. தொலைந்த பெட்டிகள் பிரிவில் போடுவார்களாம். பொருத்தம்தான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் முகம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். முடிந்தால் ஒரு வரி எழுது.

அக்கா


மே 11

அக்கா,

முந்தாநாள் என் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்மேல் தவறில்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. அவனுக்கு இனி நம் விமானங்களில் சீட்டு கிடையாது. உங்கள் புகாரைக் கேள்விப்பட்டு வேறு விமானங்களில் வேலை பார்க்கிற இரண்டு பெண்களும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் விமானத்திலும் அவன் கண்ணாடி கொண்டு வரவில்லையாம்.

இதெல்லாம் உங்களால். நன்றி சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியில்லை. நன்றி அக்கா.

வியாழக்கிழமை முதல் டியூட்டி. அறைத்தோழி பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள், ஒன்றும் நடக்காத மாதிரி. அம்மா மறுபடி தினமும் பேசுகிறாள். மாமாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நேற்றோடு போன் தடையும் நீங்கிவிட்டது. யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். காலையில் உங்கள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு காபி ஆறுகிறவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நீங்கள் பயந்தது புரிகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் தனியாக நின்றதும் புரிகிறது. அன்று என்னிடம் சொல்லியிருந்தால் உங்களை உட்காரவைத்துவிட்டு, எல்லாம் தெரிந்தே அந்தப் பக்கம் போயிருப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே அக்கா.

அவன் கையை நான் மறந்துவிடுவேன் போலிருக்கிறது. நாளாக ஆகக் குறைகிறது. நீங்கள் கப்பை நிமிர்த்தி வைத்துவிட்டு என் தோளைத் தட்டினீர்களே, அதுதான் போகமாட்டேன் என்கிறது. குளிக்கும்போது அந்தத் தோளுக்குக் கை போகிறது.

அதனால் இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். விமான நிலையத்தில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வேன், முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இப்போதாவது வீட்டில் படுத்துத் தூங்குங்கள். அந்தத் தைலத்தை, முட்டி வலி இருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

குருவி