போர்டிகோவுக்குக் குறுக்கே நிற்கும் வேம்பு

என் வீட்டுக்காரருக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். வேப்பமரம் நிற்கிறது. போர்டிகோ வராது.

போன மாதம் மரம் வெட்ட ஆள் பேசிவிட்டதாக உங்கள் அண்ணன் வந்து சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

"எத்தன வருசத்துக்கும்மா அதையே நெனச்சிக்கிட்டு இருப்ப?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் என் மஞ்சள் புடவையை மரத்தில் சுற்றினேன். குங்குமம் வைத்து, சிறுவாச்சூர் காளி கோயிலில் வாங்கிய சூலத்தை அடியில் நட்டு, எலுமிச்சம்பழம் குத்தினேன். வெட்ட வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "ஆத்தா இருக்குற மரத்துல கைவைக்க மாட்டேங்க" என்று கோடாலியோடு திரும்பிப் போய்விட்டார். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் உங்கள் அண்ணனே அங்கே கற்பூரம் ஏற்றுகிறார்.

ஆத்தா யார் கனவிலும் வரவில்லை. எல்லாம் நான் செய்ததுதான். வேண்டுமானால் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.

வீட்டு முன்சுவரை மரத்தை விட்டு உள்ளே தள்ளிக் கட்டும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வாங்கப்போகும் கார் தெருவில் நிற்கட்டும். பால்குடி மறக்காத பிள்ளையை அந்த வேரடியில் வைத்து மூடியபோது உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவள் மேல் எந்தக் காரும் ஏறாது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா