சாட்சிக்குக் கிடந்த சிவலை

ஜூன் 19, 1973

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு இன்னும் விலங்கியல் புத்தகம் வரவில்லை. கரும்பலகையில் தவளையின் இதயத்தை வரைந்தே பாடத்தை ஓட்டினேன். வீட்டில் இவர் முகம் சரியில்லை. குத்தகை முடிந்தது, இனி டிராக்டர் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கீழவயலைக் குத்தகைக்கு உழும் பஞ்சநதத்திடம் சொல்லிவிட்டார். பஞ்சநதமோ தாலுகா ஆபீசில் குத்தகைதாரர் என்று பதிவு செய்து வைத்திருக்கிறார். விவசாயிகள் சங்கமும் அவர் பின்னால் நிற்கிறது. இந்த வாரம் கீழவயலில் ஏர் கட்டப்போகிறாராம்.

“மாட்டை இறக்கட்டும், பார்த்துக்கறேன்” என்று சாப்பிடும்போது சொன்னார். நான் ரசத்தை ஊற்றினேன்.

ஜூன் 21

இவர் கண்ணில் பட்டால் வம்பு. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் பஞ்சநதம் கஞ்சி குடிக்கக் கரையேறிய நேரம் பார்த்து, இவரும் எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் அவருடைய மாடுகளை ஏரிலிருந்து அவிழ்த்து, பவுண்டில் அடைக்க ஓட்டிவந்தார்கள். பவுண்டு என்பது பயிரில் மேய்ந்த மாட்டுக்கு. உழுதுகொண்டிருந்த மாட்டை யாராவது அடைப்பார்களா? ரோட்டு வழியே வந்தால் காலனிக்காரர்கள் மறிப்பார்கள் என்று எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் மதகின்மேல் ஓட்டினார்கள். புதுத்தண்ணீரில் அந்தக் கல் வழுக்கும், எல்லோருக்கும் தெரியும். மயிலைக் காளை தாண்டி ஓடிவிட்டது. சிவப்புக் காளை சிவலை நின்றுகொண்டது. இவர் கம்பால் அடித்தார். அது பின்வாங்கியது. மறுபடியும் அடித்தார். விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கொல்லைக் கதவுவரை கேட்டது. நான் கதவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கயிறு கட்டி இழுத்து எங்கள் மாட்டுக் கொட்டகையிலேயே போட்டார்கள். எங்கள் நாற்றங்காலில் மேய்ந்ததாம், விரட்டியதும் தானே ஓடி விழுந்ததாம். மணியக்காரரிடம் இவர் அப்படித்தான் சொன்னார். பிறகு உள்ளே வந்து மெதுவாக, “நீ இன்னிக்குக் கொல்லைப் பக்கமே வரல்ல தங்கம். சரியா?” என்றார்.

தலையாட்டினேன்.

ஜூன் 22

மாட்டு டாக்டர் வந்தார். பின்னங்கால் தொடை எலும்பு. வளர்ந்த மாட்டுக்கு முறிவு ஒட்டாதாம், இனி எழவே எழாதாம். வலிக்கு ஏதோ ஊசி போட்டார். சீக்கிரம் முடித்துவிடுவதுதான் இதற்குச் செய்யக்கூடிய உபகாரம் என்றார். அதற்கான மருந்து கைவசம் இல்லை, தஞ்சாவூரில் கேட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இனி உழவுக்கு லாயக்கில்லை என்று சர்ட்டிபிகேட் எழுதித் தரலாம், தெரிந்த கசாப்புக்காரரை வைத்துச் செய்யலாம், ஆனால் மாட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

மாட்டுக்காரர் வேலிக்கு வெளியே சங்கத்து ஆட்களோடு நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

“தாசில்தார் வந்து கண்ணால பாக்கட்டும். அதுவரைக்கும் அதுக்கு உசுரு இருக்கணும்” என்றார். சிவலை இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

இவரும் மறுத்துவிட்டார். தன் கொல்லையில் மாட்டைக் கொன்றால் கேஸ் தன் மேலேயே திரும்புமாம். தானாகச் சாகட்டுமாம்.

ஒருவருக்கு அது உயிரோடு வேண்டும். இன்னொருவருக்கு அது கை படாமல் சாக வேண்டும். கிடந்து துடிப்பது யார்?

ஜூன் 23

காலனியில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், செத்த மாட்டை இனி யாரும் தூக்குவதில்லை என்று. நியாயம்தான். இத்தனை காலம் தூக்கியதுதான் அநியாயம். ஆனால் இவருக்கு அந்த நினைப்பிலேயே வியர்க்கிறது. கொட்டகையில் அழுகினால் என்ன செய்வது என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்.

மத்தியானம் காலனியிலிருந்து காத்தான் தண்ணீர்க் குடத்தோடு வந்தான். இவர் பார்த்துவிட்டு, “தொடமாட்டோம்னு தீர்மானம் போட்டீங்களே, இப்ப எதுக்குடா வந்தே?” என்று கேட்டார்.

“செத்ததுக்குத்தாங்க தீர்மானம். உசுரோட இருக்குறதுக்குத் தண்ணி காட்டக்கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க.”

இவர் உள்ளே போய்விட்டார். நான் வைக்கோலை எடுத்துப் போட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து சிவலையை மறுபக்கம் புரட்டினோம். கத்தக்கூட இல்லை. மூச்சுதான் இரைத்தது.

ஜூன் 25

தாசில்தார் வரவில்லை. பக்கத்து ஊரில் நடவில் கைகலப்பு, அங்கே போய்விட்டாராம். வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.

புண் வைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போகுமுன் வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றிப் புழுவை எடுத்தேன். வகுப்பில் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன்.

மாடு செத்தால் எங்கள் வைக்கோல் போர் எரியும் என்று கடைத்தெருவில் பேச்சு. இவர் பக்கத்து ஆட்கள், போர் எரிந்தால் காலனி எரியும் என்கிறார்கள். சொல்லிவிட்டு வெற்றிலை போடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் குடிசைகள் எரிந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பு பற்றவைக்கும்போதுகூட.

ஜூன் 26

பள்ளி விட்டதும் குத்தாலம் கடைத்தெருவில் இறங்கி ஜெக்கரியா பாய் கடைக்குப் போனேன். இத்தனை வருஷமாக அங்கேதான் கறி வாங்குகிறோம். கடைக்குப் பின்னால் எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்டேன். வலிக்குமா பாய்?

அவர் கத்தியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டுத்தான் பேசினார். முதலில் தண்ணீர் காட்ட வேண்டும். கத்தியை அதன் கண்ணில் காட்டக் கூடாது, அதன் எதிரில் தீட்டவும் கூடாது. இன்னொரு உருப்படி, ஆடோ மாடோ, பார்க்கும்படி அறுக்கக் கூடாது. ஒரே இழுப்பு. வலிக்காது என்று சொல்ல நான் யார், ஆனால் நீளாது என்றார். எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்கிறார்களா என்றேன்.

“அவசரத்துல செய்யாதவனும் இருக்கான் டீச்சரம்மா. அவன் பதில் சொல்லிக்குவான்.”

சிவலையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தலையை ஆட்டினார்.

“ஐயா கூப்பிட்டும் வரமாட்டேன், நீங்க கூப்பிட்டும் வரமாட்டேன். இப்ப இது நிலத் தகராறு. நான் கத்தியோட உள்ளே வந்தா நாளைக்கு வேற தகராறா ஆயிடும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. மாட்டுக்காரர் வாயால சொல்லணும், தலைக்கயிறை அவரே புடிக்கணும். அப்ப வர்றேன்.”

அவர் சொல்வது சரி. பயந்தவள் இன்னொருவரின் பயத்தைக் குறை சொல்ல முடியுமா?

ஜூன் 27

சிவலை இன்று தண்ணீரையும் தொடவில்லை. அதன் கண்ணோரம் ஈ மொய்க்கிறது. ஓட்டினால் மறுபடி வந்து உட்காருகிறது.

வெள்ளிக்கிழமையும் தாசில்தார் வரமாட்டாராம். திங்கள் என்று தகவல்.

ஜூன் 28

போய்விட்டு வந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

பஞ்சநதம் வீட்டு வாசலில் நான் கால் வைத்ததே இல்லை. அவர் மனைவி நாகம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

திங்கட்கிழமைவரை அதைக் கிடத்தி வைக்க வேண்டாம் என்று சொன்னேன். பஞ்சநதம் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“மாடு போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு டீச்சரம்மா? தானா விழுந்துச்சுன்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துட்டாரு. கூட வந்த ரெண்டு பேரும் உங்க வீட்டு ஆளுங்க. அடிச்ச தழும்பு அதோட முதுகுலதான் இருக்கு. எனக்கு அது ஒண்ணுதான் சாட்சி.”

“மாட்டுக்குத் தண்ணிகூட இறங்கலை” என்றேன்.

“கன்னுக்குட்டியா நான் புடிச்சிட்டு வந்தது. எனக்குத் தெரியாதா?”

நாகம்மாள்தான் அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “தாசில்தாருக்குத் திங்கக்கிழமை. அதுக்கு இன்னிக்கே வலிக்குது. நீங்க ஒருதரமாவது கிட்டப் போய்ப் பாத்தீங்களா?”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னேனா? இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எனக்குத் தெரிந்திருக்குமோ?

“மாடு சாட்சி சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். நான் கதவுகிட்டதான் நின்னேன். அவர் அடிச்சதைப் பார்த்தேன்.”

நாகம்மாள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தேன்.

ஜூன் 29

இவர் காலை பஸ்ஸில் வக்கீலைப் பார்க்க மாயவரம் போன பிறகு பஞ்சநதம் வந்தார். இந்தத் தடவை வேலியோடு நிற்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஜெக்கரியா பாய் வந்து, எல்லோர் எதிரிலும் பஞ்சநதத்திடம் கேட்டார், அவர் வாயால் சொன்னார். எங்கள் பசுவையும் கன்றையும் நான் தெருப்பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். பாய் கொண்டுவந்த தண்ணீரைச் சிவலை நக்கியது. பஞ்சநதம் அதன் தலையை மடியில் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் கண்ணைத் தன் கையால் பொத்தினார். பாய் சொன்னதுபோல நீளவில்லை.

ஊசி போட்ட மாடு, கறிக்கு ஆகாது. காலனியில் யாரையும் கேட்கவில்லை. பஞ்சநதமும் பாயும் கொல்லைக் கோடியில் குழி வெட்டினார்கள். நானும் டாக்டரும் அவர்களோடு சேர்ந்து இழுத்தோம். ஒரு கண்ணியமும் இல்லாத வேலை, அவ்வளவு கனம்.

மாலை இவர் வந்து மண்மேட்டைப் பார்த்தார். தானாகச் செத்ததென்று நினைத்து, “நல்லதாப் போச்சு” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை நான் சொல்லப்போவதையும் சொன்னேன்.

அடிக்கவில்லை. அடிப்பார் என்று சுவரோடு நின்றேன். “நீ அப்படியெல்லாம் சொல்லமாட்டே” என்று மட்டும் சொன்னார். குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஜூலை 1

நாளை. சொல்லாமல் விட்டால் சிவலை செத்ததுதான் மிச்சம், அதற்கு நானே காரணம். சொன்னால்? இந்த வீட்டில் எனக்கு எந்த மூலை?

ஜூலை 2

சொல்லிவிட்டேன். தாசில்தார் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் ஒன்றையே சொன்னேன். இவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாகுபடி பஞ்சநதத்துக்கே, விளைச்சல் முடியும்வரை யாரும் இறங்கித் தடுக்கக் கூடாது என்று உத்தரவு. வைக்கோல் போர் அப்படியே இருக்கிறது. காலனியும்.

ஜூலை 6

பேச்சில்லை. தட்டை நகர்த்துகிற சத்தம்தான். இவர் என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி, எனக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சநாள் அழைத்துப் போங்கள் என்றாராம். அண்ணன் வந்தார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, திங்கட்கிழமை வகுப்புத் தேர்வு இருக்கிறது என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். அவர் பஸ் போன பிறகு கேள்வித்தாள் எழுத உட்கார்ந்தேன்.

ஜூலை 15

ஞாயிறு. மழை இருட்டிக்கொண்டிருந்தது. மேலத்தெருவிலிருந்து அம்சம் என்று ஒருத்தி வாசலுக்கு வந்தாள், முன்பின் பார்த்ததில்லை. அவளுடைய எருமையை வயலில் மேய்ந்ததென்று ஒரு பண்ணையில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். சினை. நேற்றிலிருந்து தண்ணீர் காட்டவில்லையாம்.

“நீங்க வந்து சும்மா நின்னு பார்த்தாப் போதும்மா. ஒண்ணும் பேச வேணாம்” என்றாள்.

இவர் வாசற்படியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. நான் செருப்பைத் தேடினேன், அது கண் முன்னாலேயே இருந்தும் தெரியவில்லை, அவ்வளவு பயம். அந்தப் பண்ணைக்காரர் இவருக்குச் சொந்தம்.

இவர் குடையை எடுத்துத் தரவில்லை. படியில் நீட்டியிருந்த காலை மட்டும் மடக்கி வழிவிட்டார். நான் இறங்கினேன்.