அரை மணி முன்னதாக ஒரு பஸ்

பாப்பா,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, சாவியை எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு வா.

நாலு ஊர்ப் பள்ளிக்கும் ஒரே பஸ், தாமதிக்க முடியாது என்று நேற்று உன் அணித் தோழி வருமுன்னே பஸ்ஸை எடுத்துவிட்டேன். ஊரே திரண்டு வந்து பார்க்க, ஓர் ஆள் குறைவாக வாலிபால் ஆடித் தோற்றீர்கள். "உங்களுக்கு அந்தக் கடிகாரந்தான் பொண்ணு, நான் இல்லப்பா" என்றாய். தூக்கமே வரவில்லை.

உடம்பு அசதிதான். ஆனாலும் இன்றைய ஆட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே கிளம்பி, அவளுடைய தோட்டத்து வீட்டுக்கே போய் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

அப்பா

இன்னொன்று: நேற்று அவளைப் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். அவள் ஓடி வந்தது பஸ் கண்ணாடியில் தெரிந்தது. கடவுளிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லும்போது நீ பக்கத்தில் இரு.