ஓட்டைக் காலணாவும் ஆகாச அடுப்பும்

6 ஏப்ரல் 1965

என் சாயாக்கடை வெந்நீர்ச் சமோவாருக்குள் கிடக்கும் ஓட்டைக் காலணா கடகடவென்று ஆடியது. தண்ணீர் கொதித்துவிட்டது. உடனே பின்சந்திலிருந்து வெங்கிடராமன் சாமி ஆஜர். எப்படித்தான் நேரம் பிடிப்பாரோ! “சாமிக்கு மூக்கு சந்து நீளம்” என்றேன். ஒரு கையில் சொந்த டம்ளர், மறு கையில் மெட்ராஸ் பேப்பர். ரிட்டையரான சயன்ஸ் வாத்தியார், வீட்டில் மனைவி பாக்கியலக்ஷ்மி அம்மாளுக்குத் தெரியாமல் என் கடையில் சாயா குடிக்கிறார். மூன்றாம் கிளாஸோடு நின்ற எனக்கு உலகச் செய்தி இவர் வாயால்தான்.

இன்று பெரிய செய்தி. அமெரிக்காக்காரன் ஆகாசத்துக்கு ஓர் அணு அடுப்பை அனுப்பியிருக்கிறான். விறகில்லை, கரியில்லை. யுரேனியம் சூடாகும், அந்தச் சூடே கரண்டாகும்.

“சுத்தற மெஷின் கெடையாது ஓய், சத்தமே வராது. ஒரு வருஷம் ஓடணும்னு கணக்கு. நாளைக்கு செவ்வாய் கிரகத்துக்கே போனாலும் இதுதான் துணை.”

சொல்லும்போது சாமி முகத்தில் பிள்ளை பாஸான களை.

7 ஏப்ரல்

மச்சான் கொல்லத்திலிருந்து கொண்டுவந்த கரிமணல் ஒரு குப்பி கிடந்தது. அதில் அணுச் சரக்கு உண்டென்று சாமியே முன்பு சொல்லியிருக்கிறார். குப்பியைச் சமோவார் தலையில் கட்டினேன். சத்தம் வரக்கூடாதே, காலணாவை வெளியே எடுத்துவிட்டேன்.

மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களிடம், “இன்று முதல் அணு சாயா! வெங்கிடராமன் சாமி சொன்ன முறை!” என்றேன்.

“அப்ப இந்தப் புகை எந்தா இக்கா?” என்றான் அவர்களில் ஒருவனான மஜீத்.

“ஏண்டா, அணு பீடி குடிக்கக் கூடாதா?”

8 ஏப்ரல்

சாமி இன்று நேரம் தப்பி வந்தபோது நாலு பேர் வரிசையாக நின்று குப்பியை மோந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் மூட்டுவலிக்கு முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“ஓய் ராவுத்தரே! முப்பது வருஷம் நான் சொல்லிக்கொடுத்த சயன்ஸ் உமக்கு இளக்காரமா?”

டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. நாளைக்கு வருவார்.

9 ஏப்ரல்

வரவில்லை.

14 ஏப்ரல்

விஷு. வரவில்லை. அந்த ஆகாச அடுப்பு எப்படி இருக்கிறதோ? மஜீத்திடம் மலையாளப் பேப்பரைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். ஃபுட்பால் இருக்கிறதாம், தலைமுடி எண்ணெய் இருக்கிறதாம், ஆகாசம் இல்லையாம்.

22 ஏப்ரல்

சாமி வீட்டு வாசலில் மூன்று தரம் நடந்தேன். அம்மாள் பிடித்துவிட்டார்.

“என்ன ராவுத்தரே, இந்தப் பக்கம்?”

சாயா விஷயத்தை வெளியே விட முடியுமா? “பூனையைத் தேடுறேன் அம்மா” என்றேன். எனக்குப் பூனையே கிடையாது. உள்ளே சாமி இருமியது கேட்டது. வெளியே வரவில்லை மனுஷன்.

24 ஏப்ரல்

அம்மாள் ஒரு பூனையைப் பிடித்துக் கொடுத்தனுப்பிவிட்டார். இதுதானே என்று கேட்கச் சொன்னாராம். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? என் வீட்டுக்காரி சகீலா பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ரெண்டுல ஒண்ணுதான் இந்த வீட்ல” என்றாள். பூனைக்கு அணு என்று பேர் வைத்தேன்.

10 மே

சாயா நன்றாக இல்லை என்கிறார்கள். காலணா இல்லாமல் எப்போது கொதிக்கிறதென்றே பிடிபடவில்லை. சுமட்டுக்காரர்களைச் சிரிக்கவைத்தாலும் எனக்கு மட்டும் சிரிப்பு வரமாட்டேனென்கிறது. பெஞ்சில் சாமி உட்காரும் மூலையில் பூனை. விளையாட்டுக்குத்தானே செய்தேன்? அதுக்குப் போயி ஒரு மாசமா கோவிப்பாங்களா? நான்தான் போய் மன்னிப்புக் கேட்கணுமோ? எப்படிக் கேட்பது, அம்மாளிடம் இன்னொரு பூனை தேடியா?

24 மே

காலையில் சகீலா ஒரு வாய் சாயா குடித்துத் துப்பினாள். “பச்சைத் தண்ணி! உங்க அணுவும் நீங்களும்!” குப்பியை அறுத்து எறிந்தாள். காலணாவைத் தேடி எடுத்துச் சமோவாருக்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கடகட, கடகட.

நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே டம்ளர்.

“சாமி!”

“கூப்பிட்டீரே, வந்தேன்.”

“நான் எங்க கூப்பிட்டேன்?”

“காலணா ஆடினா எங்காத்து ஜன்னல்ல கேக்கும் ஓய். அதானே எனக்கு மணி. நான் கத்தின அன்னிக்கே அது கேக்காம உத்தேசமாத்தான் வந்தேன். மறுநாளும் காதைத் தீட்டிண்டு உக்காந்தேன். சத்தமே இல்லை. சரி, ராவுத்தருக்கு இனி நான் வேண்டாம் போலன்னு…”

காலணாவை வெளியே எடுத்தது நான்தானே. அவர் மூக்கைச் சொன்னேனே, என் மண்டையை என்ன சொல்ல?

“கோவமில்லையா சாமி?”

“ரெண்டு நாள் இருந்தது. அப்புறம் சாயா இல்லாத தலைவலிதான்.”

மஜீத்தையும் கூப்பிட்டு, அணுவும் இல்லை, முறையும் சாமியுடையதில்லை என்று சொல்லிவிட்டேன். “முதல் நாளே அறியும் இக்கா. உங்க மூக்கு நிறைய கரி” என்றான்.

மடியிலிருந்து சாமி கத்தரித்த பேப்பர்த் துண்டை எடுத்தார். எனக்காகவே வைத்திருந்தாராம். ஆகாச அடுப்பு நாற்பத்து மூன்றாம் நாள் நின்றுவிட்டது.

“அடுப்பு கெட்டுப்போச்சா?”

“அடுப்புல தப்பில்லேன்னு தோணறதாம். பக்கத்துல ஏதோ ஒரு சின்ன கரண்ட் சாமான் மக்கர் பண்ணி, தானா அணைஞ்சிருக்கும்கறா. இனிமே யாரும் மூட்ட முடியாது. ஆயிரக்கணக்கான வருஷம் சும்மா சுத்திண்டே கெடக்கும்.”

இரண்டு பேரும் அண்ணாந்து கூரை ஓடுகளைப் பார்த்தோம். பூனை சாமி மடியில் ஏறிக்கொண்டது.

“இது எங்காத்துக் கொல்லையில திரியற பூனைன்னா!” என்றார்.

25 மே

சமோவாரில் இன்னொரு காலணாவும் போட்டேன். ஒன்று மக்கர் பண்ணினாலும் மற்றது பேசட்டும். இரைச்சல் தாங்கவில்லை என்று சகீலா கத்துகிறாள். சாமி இன்று இரண்டு தரம் வந்தார்.