காது கிழிந்த வௌவாலின் ஊர்

அனுப்புநர்
மு. ஜம்பு (வயது 72),
முன்னாள் தினக்கூலி உதவியாளர், வௌவால் பிரிவு,
கரோல் பாக், புது தில்லி.

பெறுநர்
காப்பாட்சியர் அவர்கள்,
பாலூட்டிகள் பிரிவு,
யமுனா உயிரியல் சேகரிப்பகம், புது தில்லி.

பொருள்: 1991-இல் வால் நீண்ட வௌவால் ஒன்றின் காலில் தவறான சீட்டு கட்டப்பட்டது – கட்டியவன் நானே – ஊர்ப்பெயரைத் திருத்தவும் படிக்கிணற்றுச் சுவர்ப் பூச்சை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

என் கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். முதியோர் வகுப்பில் எழுதக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் என் கையிலிருந்தே வருகிறது என்ற மகிழ்ச்சி அடங்கவில்லை. தாங்கள் தமிழ் படிப்பீர்கள் என்று வாயிற்காவலர் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. காலஞ்சென்ற டாக்டர் பத்மநாபன் ஐயாவிடம் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். வௌவால் பிடிப்பது, தோலில் பஞ்சு அடைப்பது, வலது காலில் சீட்டு கட்டுவது என் வேலை. முன்கை நீளம், பல், உதட்டுச் சுருக்கம், இறக்கைத் தோலைத் தாண்டி வால் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதையெல்லாம் அளந்து, இன்ன இனம் என்று அவர் எழுதுவார். எனக்குப் படிக்கத் தெரியாததால் எழுதியது என்னவென்று தெரியாது.

2. 1991 மே மாதம், அவர் இன்னும் ஆராயாத இரண்டு வௌவால்கள் மேசையில் இருந்தன. ஒன்று ராஜஸ்தானில் சோன்கட் கோட்டையில் கிடைத்தது. மற்றது இங்கே தில்லியில் மெஹ்ரோலிக்கு அப்பாலுள்ள பாழடைந்த படிக்கிணற்றில், சுவர் விரிசலுக்குள் கை விட்டு நான் பிடித்தது. இழுத்தபோது அதன் இடது காது கிழிந்தது. ஐயா சாப்பிடப் போயிருந்தார். ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. புழுக்கம் தாங்காமல் திறந்தேன். லூ என்னும் கோடை அனல்காற்று, ஐயா ஊர்ப்பெயர் எழுதி வௌவால்களின் பக்கத்தில் வைத்திருந்த இரண்டு சீட்டுகளையும் தரையில் தள்ளியது. எந்த வௌவால் எந்த ஊர் என்பது எனக்குத் தெரியும். எந்தச் சீட்டு எந்த ஊர் என்பது தெரியாது. கேட்கப் பயந்து, குத்துமதிப்பாகக் கட்டினேன்.

3. அந்த இரண்டில் ஒன்று புதிய இனம் என்று ஐயா கண்டறிந்து, சோன்கட் என்றே பெயர் வைத்தார். அப்படியானால் சோன்கட்டில் கிடைத்ததுதான் அது என்று நினைத்துக்கொண்டேன். சீட்டு சரியாக அமைந்துவிட்டது என்று நினைக்கவே விரும்பினேன். பிறகு மூன்று முறை அங்கே போனோம். வலையை நான் சுமந்தேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. "இங்கேதான் இருக்கு ஜம்பு" என்பார். மருத்துவமனையில் கடைசி நாளும் அதையே சொன்னார். நான் தலையாட்டினேன்.

4. சென்ற மாதம் பொதுமக்கள் நாளில் தங்கள் பணியாளர் அந்தப் புதிய இன வௌவால் இருக்கும் இழுப்பறையைத் திறந்து காட்டினார். மெட்ரோ பலகைகளைப் பார்த்துப் பழகிய ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, சோன்கட் என்று படித்துவிட்டேன். சந்தோஷத்தில் கை தட்டினேன். அப்புறம்தான் அதன் காதைப் பார்த்தேன். இடது காது கிழிந்திருந்தது. காலில் என் முடிச்சு. கண் இருந்த இடத்தில் நான் வைத்த பஞ்சு. அன்று முதல் என் அறைச் சுவருக்குள் டிக் டிக் என்று அது கத்துவது கேட்கிறது. சுவரில் விரிசல் ஏதும் இல்லை.

5. படிக்கிணற்றுக்குப் போனேன். அதே விரிசலில் அந்த வௌவால்கள் இன்னும் இருக்கின்றன. வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதையும் படித்தேன். வருகிற திங்கள், மார்ச் 10 அன்று விரிசல்களை அடைத்துப் பூசப்போகிறார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்து, "தாதாஜி, உங்கள் வௌவாலிடம் ரேஷன் கார்டு இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். பொறியாளர் மரியாதையாகவே பேசினார். இங்கே இருப்பவை சாதாரண வௌவால்கள், அரிய இனம் சோன்கட்டைச் சேர்ந்தது, அதுவும் 1991-க்குப் பிறகு காணப்படவில்லை என்று அறிக்கையைக் காட்டினார். அறிக்கை எழுதியவர் மேல் குற்றமில்லை. பொய் சொன்னது என் முடிச்சு.

6. படிக்கட்டில் இறந்து கிடந்த ஒன்றைக் கையுறை போட்டு எடுத்து, உப்பும் பஞ்சும் வைத்து டப்பாவில் இணைத்துள்ளேன். ஐயாவின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். வலது காலில் ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு இருக்கிறது. நானே எழுதி நானே கட்டிய முதல் சீட்டு அது.

ஐயா வைத்த பெயரை மாற்ற வேண்டாம். ஊரை மட்டும் திருத்தி, திங்கட்கிழமைக்கு முன் அந்தப் பொறியாளருக்கு ஒரு கடிதம் அனுப்பும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சம்மதம்.

அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் படிக்கிணற்றுக்குப் போய், அந்த விரிசல் இருக்கும் இடத்தில் காது வைப்பேன். என்ன கேட்டாலும், ஒன்றும் கேட்காவிட்டாலும், அடுத்த வாரம் தங்களுக்கு எழுதுவேன்.

இடம்: புது தில்லி
நாள்: 4.3.2025

இப்படிக்கு,
மு. ஜம்பு
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)

இணைப்பு: வௌவால் ஒன்று, சீட்டுடன்.