அங்கவடி வார்

இன்று காலை ஷிப்ட் முடிந்து மழையில் நனைந்தபடியே சைக்கிளில் வந்தேன். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டியிருந்த தோல் வார் ஊறிப்போய்க் குதிரை வேர்வை வாடை அடித்தது. நெய்வேலிச் சுரங்கத் தூசியை இத்தனை வருஷம் தின்ற வாரில் அந்த வாடை எங்கேயிருந்து வரும்? நீதான் வந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். குதிரையில் நீ கால் வைத்து ஏறிய அங்கவடி தொங்கிய வார் அது. மலேசியாவில் நாம் வேலை பார்த்த ஈப்போ குதிரை லாயத்தை விட்டுக் கிளம்பும்போது துரையிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

விடியுமுன்பே நம் வேலை தொடங்கிவிடும். சத்தமில்லாமல் பின்னால் போனால் குதிரை உதைக்கும் என்று எல்லோரும் வெளியிலிருந்தே பேச்சுக் கொடுப்பார்கள். நீ அதோடு விடமாட்டாய். உன் செம்பழுப்புக் குதிரையிடம் உன் ஊர்க் காடாம்புலியூர் வம்பு பூராவும் பேசுவாய். "நான்தான்டா வரேன், எழுந்து நில்லு. நான் கூழு குடிச்சிக்கினு உனக்கு காரட்டு கொண்டாரேன் பாரு" என்பாய். லத்தி அள்ளி, தேய்த்துவிட்டு, சேணம் கட்டிப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் நடை, அப்புறம் ஓட்டம். திரும்பி வந்ததும் குளிப்பாட்டிக் கால்களுக்குத் துணி சுற்றுவோம். மத்தியானம் வைக்கோலில் ஆளுக்கொரு மூலையில் விழுந்து தூங்குவோம்.

லத்தி அள்ளத்தான் நம் இருவரையும் எடுத்தார்கள். உன் முருங்கைக்குச்சி உடம்பைப் பார்த்துத்தான் துரை உன்னைக் காலைச் சவாரிக்கு ஏற்றினார். பின்னால் என்னையும் ஏற்றினார். முதல் நாள் மேலேயிருந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க ஊரு தெருவுல செருப்ப கையில புடிச்சிக்கினு போனவன்டா நானு. இப்ப பூட்ஸ் போட்டுக்கினு குதிரை மேல போறேன்." நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். என் ஊரும் அதே லட்சணம்தான்.

அதனால்தான் விழுவதற்கு நீ அப்படிப் பயந்தாய். விழுந்தவன் உடனே ஏற வேண்டும் என்பது லாயத்து வழக்கம். ஏறாவிட்டால் தள்ளிவிடும் குணம் குதிரைக்குப் படிந்துவிடுமாம். ஆளுக்கும் சவாரி போய், திரும்ப லத்திக் கூடைதான். "கீழ உக்காந்தா பயம் வந்து மடியில உக்காந்துக்கும்டா. ஏறிடணும்" என்பாய்.

அன்றைக்கு மூடுபனி. வளைவில் உன் குதிரை எதையோ கண்டு மிரண்டது. நீ தெறித்து விழுந்தாய், வேலிக்கட்டையில் தலை மோதியது. பின்னால் வந்த நான் என் குதிரையை இழுத்துப் பிடித்துத் திரும்புவதற்குள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாய். ரத்தம் இல்லை, காயம் இல்லை. ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னடா பேயறைஞ்சாப்புல பாக்கற" என்று என்னைக் கேலி வேறு செய்தாய். மிச்ச ஓட்டத்தையும் ஓட்டி முடித்தாய்.

மத்தியானம் வைக்கோலில் சாய்ந்தாய். "தலை கனமா இருக்குது. செத்த கண்ண மூடிக்கினு எழுந்திரிக்கிறேன். அதுக்கு தண்ணி காட்டிடு." காட்டினேன். பாவம், விழுந்து எழுந்தவன், தூங்கட்டும் என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம். சாயங்காலம் தீனி வைக்க எல்லோரும் எழுந்தபோது நீ எழவில்லை.

மறுநாள் விடியலில் உன் குதிரையில் என்னை ஏறச் சொன்னார் துரை. வெளியிலிருந்தே "நான்தான் வரேன்" என்றேன். அது வாசலுக்கு வந்தது, என்னை முகர்ந்தது, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. வார்கள் உன் கால் அளவுக்கு இருந்தன. நெடுங்காலனான எனக்கு முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. வாரை இறக்கிவிட மனசு வரவில்லை. அப்படியே ஒரு சுற்று போனேன். பயமாக இருந்தது. குதிரையிடம் அல்ல, எழுப்பாமல் விட்டேனே என்று உன்னிடம்.

இன்று மழை விட்டதும் என் மகள் சைக்கிளை எடுத்தாள். நம் காலத்துக்குப் பிறகு பிறந்தவள், இப்போதுதான் குரங்குப் பெடல் பழகுகிறாள். குவார்ட்டர்ஸ் முனையில் திரும்பும்போது விழுந்து மதகுக் கட்டையில் தலையை இடித்துக்கொண்டாள். உடனே எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"உக்காரு" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க, ஏறட்டும் வுடுங்க" என்றாள் என் மனைவி.

"உக்காந்தா பயம் வந்துரும்பா" என்றாள் மகள்.

உன் வார்த்தை அது. உன்னைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை. அதட்டி மதகில் உட்கார வைத்தேன், தலையைத் தடவிப் பார்த்தேன், பேர் கேட்டேன், எந்த கிளாஸ் என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். நெடுநேரம் கழித்துத்தான் விட்டேன். காலில் செருப்போடு பிளாக் ரோடு நெடுக ஓட்டிப் போனாள். நீ எந்தத் தெரு என்று அவளை யாரும் கேட்கவில்லை. நீ பார்த்திருக்க வேண்டும்.

சாப்பிட்டதும் பாயில் படுத்துக் கண்ணயர்ந்தாள். வாசலில் தொங்கவிட்ட வாரின் வாடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நிலைப்படியில் நின்று, "நான்தான்மா வரேன்" என்றேன். அசையவில்லை. கிட்டே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"தூங்கக்கூட வுட மாட்டீங்களாப்பா" என்று சலித்துத் திரும்பிப் படுத்தாள்.

பகலில் யார் தூங்கினாலும் எழுப்பிவிடுகிறேன் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் என்மேல் கோபம். கோபித்துக்கொண்டால் எனக்குப் போதும்.