அண்ணன் குடியிருக்கும் கீழ்ப்பாதி

டிசம்பர் 9
ஐந்நூறு வருஷம் கடலடியில் நிம்மதியாகக் கிடந்த வியாபாரக் கப்பல். அதன் பீங்கான் உடைசல்களை ஊறவைத்து, உப்புப் போக்கி, ஒட்டி ஒட்டி என் முதுகுதான் உடைகிறது. நீலத் தாமரை ஜாடியின் மேல்பாதி தயார். கீழ்ப்பாதியைக் காணோம். அருங்காட்சியகத் தலைவர் வின், "டெட் புத்தாண்டுக்குள்ள முழுசா நிக்கணும்" என்கிறார். நான் என்ன, பெற்றா போடுவேன்?

டிசம்பர் 16
அண்ணன் துவானின் திதி. அந்தக் கப்பல் பொருளுக்காக மூழ்கப் போய் ஒருநாள் திரும்பாதவன். அண்ணி வீட்டில் படையல் மேசை முன் குனிந்தேன். ஊதுபத்திக் கிண்ணத்தின் விளிம்பில் பாதி நீல இதழ்! அந்தக் கிண்ணமே அவன் எப்போதோ கொண்டுவந்த உடைசல். மீதி இதழ் என் மேசையில் இருக்கிறது. வருஷா வருஷம் இதன் முன்தானே குனிகிறேன்? உடைசல் பார்க்கிற கண்ணாம் — த்தூ. சிப்பிச் சாறு தொண்டையில் இறங்கவில்லை. (மூன்று கிண்ணம் குடித்தேன். அது வேறு.)

டிசம்பர் 17
லியூ அண்ணியிடம் கேட்டேன்.
"புதுக் கிண்ணம் வாங்கித் தரேன் அண்ணி."
"செத்தவரை வீடு மாத்தச் சொல்றியா? உசிரோட இருந்தப்பவே அடுத்தவன் வீட்ல ஒரு ராத்திரி தங்கமாட்டார்."
"சும்மா தூக்கிப் பார்த்துட்டு..."
"கையை வெச்சுப் பாரு, கடைக்குட்டி!"
எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊருக்கு இன்னும் கடைக்குட்டி.
பத்திக் கிண்ணத்தை நகர்த்தினால் செத்தவருக்கு வழி தவறிவிடுமாம். அடுப்புச் சாமிகள் மேலுலகம் போகும் நாளில் மட்டும் தொட்டுத் துடைக்கலாம். அது ஜனவரி கடைசி, டெட்டுக்கு ஒரே வாரம் முன்னால். கிழிஞ்சது!

டிசம்பர் 30
வின்: "உங்க அண்ணிதானே, பேசிப் பார்க்கக் கூடாதா?" அவர் அண்ணியைப் பார்த்ததில்லை.

ஜனவரி 28
அடுப்புச் சாமிகள் கிளம்பியாகிவிட்டது. மேல்பாதியைப் போர்வையில் சுற்றி, பைக்கின் பின்னால் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்து போனேன். அண்ணி பழைய பத்திக் குச்சிகளைப் பிடுங்கியதும், சாம்பலோடு இருந்த கிண்ணத்தின் மேல் மெதுவாக வைத்தேன். இதழோடு இதழ் சேர்ந்தது.
அண்ணி குனிந்து இதழைத் தடவிப் பார்த்தாள்.
"இவ்ளோ அழகா இருந்ததாடா இது?" பிறகு, "சரி, எடுத்துட்டுப் போ. ராப்பகலா உழைச்சிருக்கே."
சாம்பலைக் கொட்டத் தாளை விரித்தாள். இதற்குத்தானே நாயாய் அலைந்தேன்? என் வாய் என்ன சொல்லிற்று?
"கொட்டாதீங்க அண்ணி. உள்ள அண்ணன் இருக்கான்."
இந்த வாயை ஊசி போட்டுத் தைக்கவேண்டும்.

ஜனவரி 29
பொருந்தவில்லை என்று வின்னிடம் புளுகினேன். "அப்ப பிளாஸ்டர்ல செஞ்சிடுங்க" என்றார். என் மூக்கெல்லாம் வெள்ளை.

பிப்ரவரி 1
புதுக் கூடம் திறப்பு. அண்ணி வந்தாள். ஜாடி முன் நின்று, மீன் சந்தைக் குரலில்: "சீ! எங்க வீட்டுப் பாதிதான் அழகு. கச்சிதமா பொருந்திச்சேடா, கடைக்குட்டி!"
வின் என் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் ஒரு தூண்கூட இல்லை, ஒளிய.

பிப்ரவரி 3
வின் ஆரஞ்சுப் பழங்களோடு அண்ணி வீட்டுக்கு வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். பத்தி ஏற்றிக் குனிந்தார். நீல இதழையே பார்த்திருந்துவிட்டு இன்னொரு தடவை குனிந்தார். பழங்களைப் படைத்துவிட்டுக் கிளம்பினார்.
மாலையில் ஜாடிக்குப் புது அட்டை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
'கீழ்ப்பாதி உபயோகத்தில் இருக்கிறது.'